ஊதா நிறத்தில் ஒரு சயனைடு மலை

ஓவியம் படிக்கக் கை வேண்டும், கண் வேண்டும் என்பார்கள். முதலில் தூக்கம் வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ராத்திரி வேலை, பகல் படிப்பு என்று அலையும் என் இனத்தாருக்கு இது புரியும். தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் ஒரு கிடங்குக்கு நான் இரவுக் காவல். மனசு ஒரு இடத்தில் நிற்காமல் அட்டையிலும் சுவரிலும் தானாக வரையப் பழகியவன். தலை நரைத்த பிறகு பெங்களூரில் ஓவியப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன்.

காலி நாற்காலி

முதல் வாரம். ஆளை உட்காரவைத்து வரையும் வகுப்பு. நடு மேடையில் நாற்காலி காலியாக இருந்தது. ரயிலில் நின்றே வந்த கால்; உட்கார்ந்தேன். கண் விழித்தால் சுற்றிலும் பிள்ளைகள் மும்முரமாக என்னை வரைந்துகொண்டிருக்கிறார்கள். பதறி எழப் போனேன். எதிரே இருந்த பெண் கரித்துண்டை ஆட்டினாள்.

"அங்கிள், அசையாதீங்க! மூக்கு இன்னும் முடியல."

மலைக்கு வந்த கேடு

கடைசி வருஷம் பெயிண்டிங்கில் தவறிவிட்டேன். மறுதேர்விலும் போனால் பட்டம் கிடையாது. மறுதேர்வுக்காக எங்கள் ஊர் சயனைடு மலையை, அதாவது சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த பின் கொட்டிய சுரங்கக் கழிவு மண் மேட்டை, கிடங்கு வாசல் அறையின் மஞ்சள் பல்புக்கடியில் ராத்திரி ராத்திரியாகத் தீட்டினேன். சாம்பல் நிறம் அச்சு அசலாக வந்திருந்தது. தேர்வன்று விடிந்ததும் வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தால், மலை முழுக்க ஊதா! மஞ்சள் வெளிச்சம் கண்ணை ஏமாற்றியிருக்கிறது. திருத்த நேரமில்லை. மனைவி காபியோடு வந்து நின்றாள்.

"இன்னாங்க, நம்ம மலைக்கு ஜுரமா? இப்டி ஊதாவா கீது!"

ஈரம்

ராத்திரி கடைசியாகப் பூசிய எண்ணெய் வண்ணம் காயவில்லை. ரயிலில் படத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். பங்காரப்பேட்டையில் ஏறிய கூட்டம் நெருக்கியதில் கை இறங்கிவிட்டது. பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் தோளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"அண்ணா, படத்தைவிட என் சட்டையில நல்லா வந்திருக்கு."

தீர்ப்பு

மதிப்பெண் போட வந்த தேர்வாளர் அம்மா படத்தின் முன் வந்து நின்றார். "மலை ஏன் ஊதா?" பெரிதாக ஏதாவது சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. தூக்கமில்லாத மண்டை, உண்மைதான் வந்தது. "மஞ்சள் பல்புல கலந்தேன் மேடம். அங்க சாம்பலாத்தான் இருந்தது." அவர் சிரித்துவிட்டார்.

"பகல் வெளிச்சத்துல கலந்திருந்தா வெறும் மண்மேடா வந்திருக்கும். பாஸ் போட்டுட்டேன், போய்த் தூங்குங்க."

பட்டம் கைக்கு வந்துவிட்டது, தூக்கமும் கொஞ்சம் திரும்பிவிட்டது. டூட்டி முடிந்து வீடு திரும்பும்போது அந்த மலைதான் இன்னும் என் படத்தைப் பார்த்துத் திருந்தாமல் சாம்பலாகவே நிற்கிறது.