ரப்பர் துப்பாக்கி

ரூபன் மெல்கோனியனோடு உட்கார்ந்து நிம்மதியாக ஒரு படம் பார்க்க முடியாது. கதாநாயகன் துப்பாக்கியை உருவியதும் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்திவிடுவார். "ரப்பர். உருவும்போது குழல் ஆடுச்சு பாரு" என்பார். அவர் மனைவி அனாகித் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள். "வில்லன் இன்னும் சாகலை. அவன் செத்ததும் கூப்பிடு, வரேன்."

சன் வேலி என்ற ஊரில் படங்களுக்குத் துப்பாக்கி வாடகைக்கு விடும் கடையில் அவருக்கு வேலை. எந்தப் படத்தில் எந்தக் காட்சியைக் காட்டினாலும் அதில் வரும் துப்பாக்கி நிஜமா, வெற்றுத் தோட்டா மட்டும் சுடுவதா, வெறும் ரப்பரா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். இணையத்தில் அதற்கென்றே கூடிப் பேசுகிறவர்கள் சண்டை முற்றினால் அவரிடம்தான் வருவார்கள்.

டெல்ஃபினா ஒச்சோவாவும் அப்படிக் கேள்விப்பட்டுத்தான் வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். அவள் மகன் ஏபெல் சின்னப் படங்களில் கூட்டத்தோடு நிற்கிற நடிகன். கொள்ளைக்காரன் வேஷத்தில் இருந்தவன், மதிய இடைவேளையில் இடுப்பில் செருகிய துப்பாக்கியோடு எதிர்ச்சாரிக்கு டாக்கோ வாங்கப் போனான். யாரோ போலீசுக்குப் போன் செய்துவிட்டார்கள். வந்த போலீஸ்காரர் கையைத் தூக்கச் சொன்னார். ஏபெல் சிரித்துக்கொண்டே, இது பொம்மை என்று காட்ட அதை வெளியே எடுத்தான். அவர் சுட்டுவிட்டார். ஏபெல் அங்கேயே இறந்துபோனான்.

அவள் நீட்டிய புகைப்படத்தில் துப்பாக்கி நடைபாதையில் கிடந்தது. ரூபனுக்கு உடனே தெரிந்தது. விசைக்குக் கீழே அச்சில் வார்த்த கோடு. துளை உள்ளே போகாத குழல்வாய்.

"ரப்பர்தாம்மா."

"பாத்ததும் சொல்லிட்டீங்களே" என்றாள் அவள். "கேஸ் போட்டிருக்கேன். இதையே கோர்ட்ல சொல்லுங்க சார். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ஒப்புக்கொண்டார். ஆனால் அன்றைக்கு அவர் அவளிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருந்தது. விளிம்புகளில் கருப்பு தேய்ந்து இரும்பு தெரிவதுபோல் பென்சில் கரி தேய்த்திருந்தது. அது அவருடைய கைவேலை.

நீதிமன்றத்தில் போலீஸ் தரப்பு வக்கீல் மரியாதையாகவே பேசினார்.

"இதுக்குச் சாயம் பூசினது யாரு?"

"நான்தான்."

"எதுக்காக அந்தக் கரி?"

"நிஜம் மாதிரி தெரியணும்னு."

"யாருக்கு?"

"கேமராவுக்கு. கிட்டக்கப் பாத்தாலும் தெரியக்கூடாது."

"தெருவுல நிக்கிற ஒரு ஆளு, நீட்டின கையில இதைப் பாத்தா பொம்மைன்னு கண்டுபிடிப்பாரா?"

ரூபன் டெல்ஃபினா பக்கம் பார்த்தார். அவள் அவருக்குத் தைரியம் சொல்வதுபோல் தலையை ஆட்டினாள்.

"மாட்டாரு" என்றார். பிறகு, "ஆனா அந்தப் பையன் சிரிச்சிட்டு..." என்று தொடங்கினார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும், மிஸ்டர் மெல்கோனியன்."

அதற்கு மேல் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரமே தீர்ப்பு வந்தது. போலீஸ்காரர் மேல் தப்பில்லை என்றார்கள்.

ரூபன் நீதிமன்ற வராந்தாவில் அவளுக்காகக் காத்திருந்தார். என்ன சொல்வது என்று எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தார். அவள் எதிரே வந்து நின்றாள்.

"பொய் சொல்லியிருக்கலாம் நீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை.

"நானும் நெனச்சேம்மா. வாய் வரலை."

அவள் கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ரொம்பக் கனமா இருக்குமா சார் அந்த ரப்பர் துப்பாக்கி? கையில வெச்சிருந்தா?"

"இல்லம்மா. கனமே இருக்காது."

"செருப்பு மாதிரி?"

"அதைவிடக் கொஞ்சம் கம்மி."

டெல்ஃபினா தலையசைத்தாள். சமையலறையில் மத்தியான வேலை இருக்கிறது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் கூப்பிட்டார். அவள் திரும்பாமல் வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தாள்.