கார்ப்பெட்டுக்கு அடியில் நாற்று

காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. டேஷ்போர்டில் எல்லா விளக்குகளும் எரிந்தன.

மன்னார்குடியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். "எல்லா பார்ட்டும் நல்லாத்தாங்க இருக்கு. ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குத் தகவல் போற ஒயர்லதான் கோளாறு."

சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கினார். ஒயர் கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அதை ஒட்டி, விரல் நீளத்துக்கு வெளிறிய நெல் நாற்று.

"ஊறவச்ச விதைநெல்ல கார்லயா ஏத்துனீங்க?"

"ஆமாங்க. நாத்தங்காலுக்கு."

"நாத்தங்கால்ல எப்படி முளைச்சிருக்கு?"

"மழைத் தண்ணி வடியலைங்க. எல்லாம் அழுகிடுச்சு."

அவர் நாற்றைப் பிடுங்காமலேயே ஒயரை மாற்றினார். நானும் பிடுங்கச் சொல்லவில்லை.

அடங்கலில் பயிர்க் கணக்கு எழுத வி.ஏ.ஓ. வருவார். எந்த சர்வே நம்பரில் என்ன பயிர் என்று கேட்பார்.

வண்டி நம்பரைக் கொடுக்கலாமா?