கள்ளனுக்குத் திருத்திக் கொடுத்த விபரம்

ஓய்வுபெற்ற நில அளவையாளனான நான், எடுக்கும் ஒவ்வோர் அழைப்பையும் நேரத்தோடு கொப்பியில் எழுதுகிறவன். திங்கள் காலை, தொலைபேசி நிறுவனத்திலிருந்து கதைப்பதாகச் சொன்ன ஒருவன் என் பிறந்த திகதியைப் பிழையாக வாசித்தான். எனக்குப் பொறுக்குமா? திருத்தினேன். நான் கடைசியாக அழைத்த ஐந்து தொலைபேசி இலக்கங்களைக் கேட்டான். கொப்பியைப் பார்த்து வாசித்தேன். அவற்றை நிறுவனத்தில் சொல்லி அவன் என் இலக்கத்துக்குப் புது சிம் எடுக்க, என் போன் செத்தது.

கனடாவிலிருக்கும் மகள் சாம்பவி என்னை அழைப்பது அந்த இலக்கத்துக்குத்தான். நிறுவனத்தின் வெள்ளவத்தைக் கிளைக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்த பெண்ணும் கடைசியாக அழைத்த ஐந்து இலக்கங்களைக் கேட்டாள், சொன்னேன்.

"பிழை, அங்கிள். அதுக்குப் பிறகும் இந்த நம்பரில இருந்து கோல் போயிருக்கு."

"அது கள்ளன் எடுத்தது, பிள்ளை!"

"காலமை வந்தவர் எல்லாம் சரியாச் சொன்னவர்."

அவளை எப்படிக் கோபிப்பது? அவன் பிழைவிடாமல் பார்த்துக்கொண்டவன் நானல்லவா? அடையாள அட்டையைக் காட்டித்தான் இலக்கத்தை மீட்டேன்.