தொடைப் பக்கம் நறுக்கிய பிளாஸ்டர்

அறுபதுகளில் நான் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில், மாவுக்கட்டுப் போடும் பிளாஸ்டர் ரூமில் நர்ஸாக இருந்தேன். சொந்த ஊர் மல்லாங்கிணறு என்பதால், சிவகாசிப் பக்கத்து நோயாளிகள் என்னிடம் உரிமையோடு பேசுவார்கள்.

ஆமத்தூர் கருப்பசாமி பட்டாசு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். அடிமுதுகில் ஓர் எலும்பு முன்பக்கம் நழுவி, கால் மரத்து வந்து சேர்ந்தார். ஆபரேஷனை எப்படிச் செய்வது என்று இரண்டு டாக்டர்கள் மல்லுக்கு நின்றார்கள். முதுகைத் திறந்து, இடுப்பிலிருந்து செதுக்கிய எலும்பைப் பின்னால் பதித்து ஒட்டவிடுவது பெரிய டாக்டரின் வழி. வயிற்றைத் திறந்து, இரண்டு எலும்புக்கும் நடுவே துண்டை ஆப்பு மாதிரி இறக்குவது சின்ன டாக்டரின் வழி.

"பின்னால வச்சா சில பேருக்கு ஒட்டுறதில்ல சார்."

"முன்னால பெரிய ரத்தக்குழாய் இருக்கு. கிழிஞ்சா நீ பதில் சொல்லுவியா?"

பெரியவர் ஜெயித்தார். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மார்பிலிருந்து ஒரு தொடைவரை பிளாஸ்டர் போட்டோம். தொடை மடங்கினால் இடுப்பும் அசையும், ஒட்டு விட்டுப்போகும். "படுத்தே இருக்கணும், லோடு தூக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார் பெரியவர்.

சில மாதம் கழித்து பிளாஸ்டர் பிரிக்க வந்தார். தொடைப் பகுதியைக் காணோம். வெட்டிய விளிம்பு உறுத்தாமலிருக்கத் தீப்பெட்டி லேபிளைச் சுற்றி ஒட்டியிருந்தார்கள்.

"யாரய்யா இதை வெட்டினது?" என்று கத்தினேன்.

"நாந்தான் சிஸ்டர். நோவு முதுகுலதான, தொடைக்கு எதுக்குன்னு நறுக்கிட்டேன். லோடு எதையும் தொடல. சும்மா சம்மணம் போட்டு வீட்டுக்காரி கூட தீப்பெட்டிதான் ஒட்டுனேன்."

எங்கள் பக்கத்தில் பெட்டி ஒட்டுவதை யாரும் வேலையில் சேர்ப்பதில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டவே இல்லை. முன்பக்கமாக இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார் சின்ன டாக்டர்.

"அதுக்கும் இப்படித்தான் படுக்கணுமாய்யா?"

"ஆமா. அதே அளவு நாள்."

கருப்பசாமி கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேண்டாங்கய்யா. வலியோட உக்காந்துக்கிடுதேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதும் அவர் தரையில் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு பிளாஸ்டர் துணியைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றும் முன், "நீங்க படுத்துட்டா வீட்டுல யார் சம்பாத்தியம்?" என்று எல்லோரிடமும் கேட்டேன். முக்கால்வாசிப் பேர் சிரித்து மழுப்புவார்கள். நானும் பிளாஸ்டரை நனைப்பேன்.