கால் வைக்க இடமில்லாத ஓடை

எண்பதுகளில் வட்டவளைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தேன். நுவரெலியாக் கண்காட்சிக்காக எங்கள் ஓடையைத் தேயிலைப் பெட்டிப் பலகையில் செதுக்கி, மை தடவி அச்செடுத்தேன். தண்ணீருக்கு மட்டும் நூறு கோடுகள். எனக்கு ஒரே பெருமை.

தினமும் கொழுந்துக் கூடையோடு அந்த ஓடையைக் கடக்கும் மாரியாயி அக்கா படத்தைப் பார்த்தார்.

"இதுல எங்க சார் கால வைக்கிறது?"

"படத்துல எதுக்குக் கால் வைக்கணும்?" எரிந்து விழுந்தேன்.

"தண்ணி சுழிச்சிக்கிட்டுப் போற எடத்துலதாங்க கல்லு இருக்கும். அதப் பாத்துத்தான் நாங்க கால வைப்போம்."

மறுநாள் ஓடைக்குப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். புதுப் பலகையில் கற்களை முதலில் வரைந்து, அவற்றைச் சுற்றிக் கோடுகளை வளைத்துச் செதுக்கி அச்செடுத்தேன். கோடுகள் பாதியாயின, தண்ணீர் ஓடத் தொடங்கியது.

ஈர மையென்றும் பாராமல் அக்கா அச்சில் விரல் வைத்தார். "இங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணு... அக்கரைக்குப் போயிட்டேன் சார்!"

அந்த விரல் தடங்களோடுதான் படத்தைக் கண்காட்சிக்கு அனுப்பினேன்.