ஞாயிற்றுக்கிழமைக் களவா

ஞாயிற்றுக்கிழமை கடலில் தொழில் கூடாது என்பது எங்கள் பொழியூர்ச் சட்டம்; விளையாட்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

நேற்று கடையில் முக்குளிக்கும் கண்ணாடியின் ரப்பர் வாடை அடித்ததும், தொண்ணூறுகளில் துபாயிலிருந்து ஈட்டித் துப்பாக்கியோடு விடுமுறைக்கு வந்த சித்தப்பாவையும், ஆளைக் கண்டாலும் கடலடிப் பாறைப் பொந்தைவிட்டு நகராமல், வாயைத் திறந்து மூடியபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்த பெரிய களவா மீன்களையும் நினைத்துக்கொண்டேன். வள்ளங்கள் கரையில் கிடந்த ஞாயிறுகளில் அவர் குத்தினார், நான் பை பிடித்தேன். பொந்துகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

தூண்டிலை நம்பிப் பிழைத்த சிலுவை மாமா, “எலே மக்கா, பாறையில ஒத்த களவா இல்லியே. ஒனக்க சித்தப்பன் கடலையும் துபாய்க்குக் கொண்டுபோவானோ?” என்றார்.

“அது தொழிலில்ல மாமா, வெளையாட்டாக்கும்,” என்றேன். இன்றும் கூசுகிறது.

மாமா ஊர்க் கமிட்டியில் முறையிட்டார். ஈட்டிக்கும் தடை உண்டு என்று கமிட்டி பதில் சொன்னது, சித்தப்பா விமானம் ஏறிய மறுநாள்.