கிட்ட ஒரு முகம், எட்ட ஒரு முகம்

ஆதார் அட்டையில் தன் முகத்தைப் பார்த்து நொந்துபோன சகோதர சகோதரிகளே, பழவேற்காட்டில் கேமரா பிடித்துப் பிழைப்பவள் சொல்கிறேன்: லென்ஸும் நிற்கும் தூரமும் மாறினால் முகமே மாறிவிடும்.

ஆரம்பாக்கம் போன மூக்கு

மீன்பிடிக்கிற முருகன், கை நீட்டி போனில் எடுத்துக்கொண்ட படத்தை ஆரம்பாக்கத்துப் பெண் வீட்டுக்கு அனுப்பியிருந்தான். மூக்கு பெரிசு என்று பதில் வந்துவிட்டது. வாடிப்போய் அம்மாவோடு ஸ்டுடியோவுக்கு வந்தான்.

போன் லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. கிட்டப் போய் எடுத்தால் முன்னால் இருப்பதை ஊதிக் காட்டும். அவனை உள்ளே உட்கார வைத்து, நான் வாசலைத் தாண்டித் தெருவில் நின்று எண்பத்தைந்து எம்.எம். லென்ஸில் எடுத்தேன். மூக்கு முகத்துக்குள் அடங்கிவிட்டது. ஒளிந்திருந்த காதுகள் வெளியே வந்தன. நான் எதையும் திருத்தவில்லை. அம்மா படத்தையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாம்மா இது, பெத்த எனக்கே இப்பதான் இவன் மூஞ்சி தெரியுது!"

டச்சுக்காரர் கல்லறையில்

அந்தப் படத்தைப் பார்த்துப் பெண் வீட்டார் சம்மதித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் டச்சுக்காரர் கல்லறை வாசலில் ஜோடியாகப் படம் வேண்டும் என்றாள் மணப்பெண் ரேவதி. அந்த வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் உண்டு. அவை எங்கோ பின்னால் கிடக்கட்டும் என்று ஜோடியை வெகுதூரம் முன்னால் நிறுத்தி, நானும் தள்ளிப்போய் இருநூறு எம்.எம். லென்ஸைப் போட்டேன்.

அந்த லென்ஸில் தூரம் மடிந்து, பின்னால் இருப்பது கிட்ட வந்துவிடும் என்பதை மறந்துவிட்டேன். இரண்டு முகங்களும் கோயில் சிலை மாதிரி அமைதியாக விழுந்தன. எலும்புக்கூடு நடந்து வந்தது போல முருகனின் தோளருகே நின்றது. பயந்துகொண்டே கேமராத் திரையை நீட்டினேன். ரேவதி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாப்பிள்ளைத் தோழன் ரொம்ப இளைச்சிட்டாரு, பாவம்!"

ஒரு சாண் தூரம்

லட்சுமி, பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவள். பிறந்ததிலிருந்தே கண்ணாடியும் உதவாத பார்வை. ஒரு சாணுக்கு அப்பால் எல்லாமே புகை. புருஷன் கோவிந்தன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறான், வைத்துக்கொள்ள ஒரு படம் வேண்டும் என்று அவனைக் கூட்டிவந்தாள். தள்ளி நின்று அழகாக எடுத்துக் கொடுத்தேன். கண்ணோடு ஒட்டிப் பார்த்துவிட்டு, "யாரு அக்கா இது?" என்றாள். கோவிந்தன் முகம் செத்துப்போயிற்று.

இவள் அவனை எங்கிருந்து பார்த்திருப்பாள் என்று அப்போதுதான் யோசித்தேன். அகலமாகப் பார்க்கிற இருபத்துநான்கு எம்.எம். லென்ஸை மாட்டி, அவன் மூச்சு அதன்மேல் படிகிற அளவுக்கு நெருங்கினேன். மூக்கு புடைத்து, காது மறைந்து விழுந்த படம்; வேறு யாருக்காவது என்றால் அழித்திருப்பேன்.

முகத்தின் அளவுக்கே அச்சுப் போட்டுக் கொடுத்தேன். லட்சுமி அதன் கன்னத்தை விரலால் தடவினாள். "இவருதான்கா. தலகாணில பக்கத்துல இருக்கற மூஞ்சி."

இப்போதெல்லாம் 'படம் என்னை மாதிரியே இல்லை' என்று யாராவது சண்டைக்கு வந்தால், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு என்று மட்டும் கேட்கிறேன், பாதிப் பேர் யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.